அச்சவியல்: வால்டோர்ஃப் உரையுடன்

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், வல்லரசுகள் ஒன்றையொன்று கண்டு கொள்ளும் அச்சத்தின் வகைகளை உணர்த்துதல் நுதலிற்று. அச்சம் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்காக எண்ணினார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்றது அரசனை. நான்கும் மிரட்டுகிற சாதி. காப்பாற்றுகிறேன் என்று தோளில் கை போட்டவனால் பிறக்கும் அச்சத்தை அவர் எண்ணவில்லை. அவர் காலத்து மூவேந்தரும் கூட்டாளியின் ஊர்க்கோடியில் ஏவுகணை கொண்டுபோய் நிறுத்தியவர்கள் அல்லர் ஆதலின், இது குற்றம் ஆகாது. அவர் விட்ட இடத்தை இட்டு நிரப்புவதே இவ்வியலின் வேலை.

பாயிரச் செய்திகளை முதலில் முடித்துவிடலாம். ஆக்கியோன், திருகாணி முதல் டிராக்டர் வரை எதைக் கண்டாலும் ஒரு வகைக் குறியீடு போட்டுச் சம்பளம் வாங்குகிறவன். ஜெர்மனியின் வால்டோர்ஃபில் இது ஊர்த்தொழில். ஐபிஎம்மிலிருந்து விலகிய ஐந்து பேர் 1972-ல் தொடங்கிய எஸ்ஏபி நிறுவனம் இங்கே வந்து நிலைகொண்டதிலிருந்து, உலகத்துக் கிடங்குக் கணக்கில் பெரும்பங்கு இந்தச் சிற்றூரை மிதித்துவிட்டுத்தான் போகிறது. ஜெர்மன் ராணுவத்தின் உதிரிபாகக் கணக்கும் அந்த மென்பொருளில்தான் ஓடுகிறது. கேட்போர், சனிக்கிழமை மாலைகளில் சாம்பார் வாசனையோடு கூடும் தமிழ்க் குடும்பங்கள். பயன் வீடுபேறு என்று எழுதுவது மரபு. வாடகை வீடே சுலபத்தில் கிடைக்காத ஊரில் இருந்துகொண்டு அதை எழுதக் கை வரவில்லை.

எல்லை சொல்ல வேங்கடமும் குமரியும் இங்கே கிடையா. வடக்கே ஹைடல்பெர்க்; காரில் கால் மணி நேரம். ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கத் தரைப்படை முழுவதற்கும் தலைமையகம் 2013 வரை அங்கே காம்பெல் பாசறையில் இருந்தது. வடமேற்கே மன்ஹைம், அதன் பாசறைகள் பல காலியாகிவிட்டாலும், கோல்மன் பாசறை அமெரிக்கர் கையிலேயே தங்கிவிட்டது. தென்கிழக்கே, ஆறாம் எண் நெடுஞ்சாலையில் போனால் ஹைல்பிரான். நகரத்துக்கு மேலே வால்ட்ஹைடே என்ற மேட்டு நிலம். அதைப் பற்றிப் பின்னர். மேற்கே ரைன் ஆறு. வார்சா கூட்டணி 1979-ல் தீட்டிய போர்ப்பயிற்சித் திட்டம் ஒன்றைப் போலந்து 2005-ல் வெளியிட்டது. ஏழு நாளில் ரைன் கரை என்பது அதன் கணக்கு. வால்டோர்ஃப் ஆற்றுக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருப்பதால், இங்கே ஏழாம் நாள் காலை வந்திருப்பார்கள். வந்து பார்க்க ஊர் மிஞ்சியிருக்குமா என்பது வேறு கேள்வி. மேற்கு ஜெர்மன் நகரங்களுக்கு அந்தத் திட்டத்தில் அணுகுண்டும் ஒதுக்கியிருந்தார்கள்.

இனி வகை.

முதலாவது பகையச்சம். எதிரியிடம் குண்டு இருக்கிறது, ஆகவே என்னிடமும் இருக்கட்டும் என்பது. அமெரிக்கா 1945, சோவியத் யூனியன் 1949, பிரிட்டன் 1952, பிரான்ஸ் 1960, சீனா 1964, இந்தியா 1974 என்று இந்த வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். 1986 வாக்கில் உலகில் எழுபதாயிரம் குண்டுகள் வரை இருந்தன. இன்று பன்னிரண்டாயிரம் சொச்சம். இந்த வகை வெளிப்படை, விரிப்பின் பெருகும்.

இரண்டாவது கரந்தையச்சம். ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடுவான். கவர்ந்ததை மீட்கப் போகிறவன் கரந்தை சூடுவான் என்பது பிற்காலப் புறப்பொருள் இலக்கணம். யார் முதலில் வம்புக்குப் போனவன், யார் பதிலுக்குப் போனவன் என்று தலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். வல்லரசுகள் காலத்தில் இந்த வசதி கெட்டுவிட்டது. எல்லோர் தலையிலும் கரந்தை மட்டுமே இருக்கிறது. வெட்சி சூடியவன் என்று ஒருவனையும் பிடிக்க முடியவில்லை.

சான்று வருமாறு. 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது. சோவியத் அச்சத்துக்குப் பதில் என்றார்கள். அதே மே 14-ல் வார்சா ஒப்பந்தம் கையெழுத்தானது. மேற்கு ஜெர்மனி சேர்ந்ததற்குப் பதில் என்றார்கள். 1987 டிசம்பர் 8-ல் ரீகனும் கோர்பச்சேவும் நடுத்தூர ஏவுகணைகளை ஒழிக்கக் கையெழுத்திட்டு, இரு தரப்புமாக 2,692 ஏவுகணைகளை உடைத்துப் போட்டார்கள். 2019 ஆகஸ்டில் அமெரிக்கா அதிலிருந்து விலகியது. ரஷ்யா புதிய ஏவுகணை ஒன்றால் ஒப்பந்தத்தை மீறியதற்குப் பதில். ரஷ்யாவோ, ருமேனியாவில் அமெரிக்கா வைத்த ஏவுதளத்தைக் காட்டி, மீறியது நீதான் என்றது. 2023 மார்ச்சில் புதின் பெலாரூஸில் அணு ஆயுதம் வைக்கப்போவதாக அறிவித்தார்; அமெரிக்கா தன் கூட்டாளிகளின் மண்ணில் பல பத்தாண்டுகளாகச் செய்வதைத்தானே செய்கிறேன் என்பது அவர் வாதம். 2024 ஜூலையில் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து, நெடுந்தூர ஏவுகணைகளை ஜெர்மனிக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தன. அது ரஷ்யாவுக்குப் பதில். இப்படிப் பின்னோக்கிப் போனால் எல்லாமே பதில். கேள்வியைக் கேட்டவனைக் காணோம்.

பூவைப் பற்றிப் பேசும்போது மன்ஹைமைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கர் காலிசெய்துபோன ஸ்பினெல்லி பாசறையில் 2023 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஜெர்மனியின் தேசிய மலர்க் கண்காட்சி நடந்தது. ராணுவச் சரக்கு அடுக்கிய கொட்டகையில் பூந்தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். போருக்குப் பூப்பெயர் வைத்த மொழிக்காரன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், அதே நகரத்தின் இன்னொரு மூலையில் கோல்மன் பாசறை அமெரிக்க டாங்கிகளின் இருப்புக் கிடங்காக இருந்தது. ஒரே ஊரில் ஒரு பாசறையில் பூ, ஒரு பாசறையில் டாங்கி. திணை மயக்கம் என்பது இதுதான் போலும்.

மூன்றாவது நட்பச்சம். இவ்வியலின் உயிர்நிலை இதுவாகையால் இங்கே சற்று உட்கார்ந்து பேச வேண்டும். இது இரு கூறு. ஆபத்தில் நண்பன் கைவிட்டுவிடுவானோ என்பது கைவிடலச்சம். தன் சண்டைக்குள் நம்மை இழுத்துவிடுவானோ என்பது இழுபடலச்சம். வாதத்துக்குக் கொடுத்த மருந்து பித்தத்தைக் கிளப்புகிற மாதிரி, ஒன்றைத் தணித்தால் மற்றது ஏறும்.

இழுபடலச்சத்துக்கு ஜெர்மானியர் அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மே மாதம் நேட்டோவில் சேர்ந்தார்களா, அடுத்த மாதமே, 1955 ஜூனில், கார்ட் பிளான்ஷ் என்ற பெயரில் கூட்டணி ஒரு வான்படைப் பயிற்சி நடத்தியது. காகிதத்தில் 335 அணுகுண்டுகள் வெடித்தன. பெரும்பாலானவை ஜெர்மன் மண்ணில். காகிதத்தில் இறந்த ஜெர்மானியர் 17 லட்சம், காயமுற்றோர் 35 லட்சம். கதிர்வீச்சால் பின்னால் சாகிறவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. புதுமருமகளுக்கு மாமியார் வீட்டில் வைத்த முதல் விருந்து என்று இதைச் சொல்லலாம். பத்திரிகைகளில் கணக்கு வெளியானபோது மேற்கு ஜெர்மனி ஆடிப்போனது.

கைவிடலச்சத்துக்குப் பிரெஞ்சு அதிபர் டிகால் சான்று. பாரிசைக் காக்க நியூயார்க்கைப் பறிகொடுக்கத் தயாரா என்று 1961-ல் கென்னடியிடம் நேராகவே கேட்டார். வந்த பதில் அவருக்குப் போதவில்லை. சொந்தக் குண்டைப் பெருக்கிக்கொண்டு, 1966-ல் நேட்டோவின் கூட்டுப்படைத் தலைமையிலிருந்து பிரான்சை விலக்கினார். டிகாலின் சந்தேகம் வீண் சந்தேகமா என்றால், இடையில் நடந்த கியூபா விவகாரத்தைப் பார்க்க வேண்டும். 1962 அக்டோபரில் கியூபாவிலிருந்து சோவியத் ஏவுகணைகள் போவதற்கு ஈடாக, துருக்கியில் இருந்த அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளை எடுத்துவிடுவதாகக் கென்னடியின் தம்பி ராபர்ட், சோவியத் தூதர் டோப்ரினினிடம் ரகசியமாக வாக்களித்தார். துருக்கிக்கு அதைச் சொல்லவில்லை. அந்தப் பக்கம், ஏவுகணைகளைத் திருப்பி எடுப்பதாகக் குருஷேவ் வானொலியில் அறிவித்ததைக் காஸ்ட்ரோ மற்றவர்களைப் போலச் செய்தியாகத்தான் கேட்டார். பகைவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். நண்பர்கள் இருவருக்கும் தகவல் இல்லை. பகைவனை அவன் சுயநலத்தை வைத்து நம்பலாம் என்பதும், நண்பனை அவ்வளவு சுலபமாக நம்ப முடியாது என்பதும் இதனால் பெறப்படும்.

இனி இரண்டு கூறும் ஒன்றாகக் கலந்து நின்ற இடம். சோவியத் யூனியன் 1976 முதல் எஸ்எஸ்-20 என்ற ஏவுகணையை நிறுத்தத் தொடங்கியது. மூன்று முனை, 5,000 கிலோமீட்டர் பாயும். ஐரோப்பா முழுவதையும் தொடும், அமெரிக்காவைத் தொடாது. அந்தத் தொடாத பகுதியில்தான் சூட்சுமம். ஹாம்பர்க் எரிந்தால் சிகாகோவைப் பணயம் வைப்பார்களா? இந்தக் கேள்வியின் நிழலில்தான் 1977 அக்டோபரில் ஜெர்மன் சான்சலர் ஹெல்முட் ஷ்மிட் லண்டனில் பேசினார். வல்லரசுகள் இரண்டும் தங்களுக்குள் மட்டும் சமன் செய்துகொண்டால், ஐரோப்பாவில் இருக்கும் ஏற்றத்தாழ்வு இன்னும் துலக்கமாகத் தெரியும் என்பது அவர் பேச்சின் சாரம். பேசியது பகைவனை நோக்கி அன்று, நண்பனை நோக்கி. நண்பன் 1979 டிசம்பரில் கூட்டணி வழியாகப் பதில் சொன்னான்: பேச்சுவார்த்தை தோற்றால் ஐரோப்பாவில் 108 பெர்ஷிங்-2, 464 குரூஸ் ஏவுகணைகள். பெர்ஷிங் 108-ம் மேற்கு ஜெர்மனியில்தான். மூட்லாங்கன், நியூ உல்ம், ஹைல்பிரான் என மூன்று தளம். மூன்றும் நம் எல்லைக்குத் தென்கிழக்கில்.

சொல்லால் நிரூபிக்க முடியாத நட்பை இரும்பால் நிரூபித்தார்கள் என்று கொள்க. அந்த இரும்போ சோவியத் இலக்குகளைச் சில நிமிடங்களில் எட்டக்கூடியது. அன்றைய தலைநகர் பானில் தூக்கம் வந்தது. மாஸ்கோவில் தூக்கம் போயிற்று. கைவிடலச்சத்துக்கு வைத்த மருந்து பகைவனுக்குப் பகையச்சத்தையும், உள்ளூர்க்காரனுக்கு இழுபடலச்சத்தையும் ஒரே வீச்சில் கொடுத்தது. 1983 அக்டோபர் 22-ல் ஸ்டுட்கார்ட்டிலிருந்து நியூ உல்ம் வரை 108 கிலோமீட்டருக்கு மக்கள் கைகோத்து நின்றார்கள். ஒரு மாதம் கழித்து, நவம்பர் 22-ல், ஜெர்மன் நாடாளுமன்றம் 286-க்கு 226 என்ற கணக்கில் ஏவுகணைகளுக்கு வழிவிட்டது. மறுநாள் சோவியத் தூதுக்குழு ஜெனீவாப் பேச்சிலிருந்து எழுந்து போய்விட்டது. எதிரி எத்தனை குண்டு வைத்திருக்கிறான் என்று எண்ணி உடன்படிக்கை எழுதலாம். நண்பன் எவ்வளவு நம்பகம் என்பதை எண்ணுவதற்கு அலகு இல்லை. ஆகவே அந்தக் கணக்கு ஒருநாளும் முடிவதில்லை, ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக இரும்பு கேட்கிறது. போட்டி ஓயாமைக்குப் பகையைக் காட்டிலும் நட்பே பெருங்காரணம் என்பது இவ்வியலின் துணிபு.

நான்காவது கருவியச்சம். ஏவுகணை வந்து சேரும் நேரம் குறையக் குறைய, யோசிக்கும் வேலை மனிதனிடமிருந்து கருவிக்குப் போகிறது. அதே 1983, செப்டம்பர் 26. மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு கண்காணிப்பு நிலையத்தில் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரியின் திரையில் அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து கிளம்பி வந்தன. ஐந்தே ஐந்து வைத்துக்கொண்டு எவனும் உலகப்போர் தொடங்கமாட்டான் என்று அவர் முடிவெடுத்து, கருவிக் கோளாறு என்று மேலே சொல்லிவிட்டார். மேகத்தில் பட்ட வெயிலைச் செயற்கைக்கோள் நெருப்பென்று எண்ணியிருந்தது. நவம்பரில் நேட்டோ நடத்திய ஏபிள் ஆர்ச்சர் பயிற்சியின்போது, கிழக்கு ஜெர்மனியிலும் போலந்திலும் இருந்த சோவியத் விமானப் பிரிவுகள் உஷார்நிலைக்குப் போயின. ஒத்திகையா நிஜமா என்று அவர்களுக்குச் சந்தேகம்.

இனி வால்ட்ஹைடே. 1985 ஜனவரி 11, கடுங்குளிர், வறண்ட காற்று. அமெரிக்க வீரர்கள் பெர்ஷிங்-2-ன் ஒரு பகுதியைப் பெட்டியிலிருந்து கிரேனால் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மோட்டாரின் மேலுறை உலோகம் அல்ல, கெவ்லார் இழை. குளிரில் உரசி உரசி அதில் நிலைமின்சாரம் ஏறியிருந்தது. குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறக்குமே, அதே சங்கதி. திட எரிபொருள் பற்றிக்கொண்டது. மூன்று வீரர்கள் இறந்தார்கள். பதினாறு பேருக்குக் காயம். அணுமுனை அதில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. பகைவன் ஒருவனும் அன்று அந்தப் பக்கம் வரவில்லை. இப்போது அங்கே புல்வெளி. ஞாயிற்றுக்கிழமைகளில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

ஐந்தாவது குடையடியச்சம். வேந்தனின் வெண்கொற்றக்குடை வெயில் மறைப்பதற்கன்று, குடிகளுக்கு நிழல் தருவதற்கு என்று நம் புலவர்கள் பாடினார்கள். அணுக்குடையின் கீழும் நிழல் உண்டு. ஆனால் குடைக்கம்பு நட்ட இடம் மேலிருந்து பார்ப்பவனுக்கு நன்றாகத் தெரியும். வந்த அடிகள் எல்லாம் எதிர்பார்த்த திசையிலிருந்தும் வரவில்லை. ஹைடல்பெர்க் தலைமையகத்தில் 1972 மே 24-ல் குண்டு வைத்து மூன்று அமெரிக்க வீரர்களைக் கொன்றவர்கள் செம்படைப் பிரிவு என்ற ஜெர்மன் தீவிரவாதிகள். 1981 செப்டம்பரில் தளபதி குரோசன் போன கார்மீது ராக்கெட் எறிந்தவர்களும் அவர்களே, அவர் தப்பினார்.

இன்றைக்கும் ஜெர்மனியின் மேற்கே பியூஷெல் விமானதளத்தில் அமெரிக்க பி-61 குண்டுகள் இருப்பதாக எல்லோரும் எழுதுகிறார்கள். ஆய்வாளர் மதிப்பீடு இருபது வரை போகிறது. இருக்கிறது என்றோ இல்லை என்றோ அரசு வாய் திறப்பதில்லை. குண்டு அமெரிக்காவுடையது, விமானமும் விமானியும் ஜெர்மனியுடையவை. அதற்கென்றே 2022-ல் எஃப்-35 விமானங்கள் 35 வாங்க முடிவு செய்தார்கள். உரிமையும் உழைப்பும் இப்படிப் பிரிந்து கிடப்பதை ஆக்கியோனின் தொழிலில் எந்தக் குறியீட்டின் கீழ் போடுவது என்று இன்னும் துணியவில்லை.

குடையடியார்க்கு ஆண்டுதோறும் ஒரு சடங்கு உண்டு. செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை 11 மணிக்கு நாடு முழுக்க எச்சரிக்கை ஒத்திகை. கைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறும். ஒருமுறை விடுப்பு எடுத்துக்கொண்டு அரிசி வாங்க ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் நின்றபோது அது அலறியது. கல்லாவில் இருந்தவருக்கு அறுபது தாண்டிய வயது. நான் திடுக்கிட்டதைப் பார்த்துச் சிரித்தார்.

“பயப்பிடாதைங்கோ தம்பி, இது சும்மா சோதனை. உண்மையா வந்தா சத்தம் கேக்க முந்தி பங்கருக்குள்ள நிக்கோணும்.”

“இங்க பங்கர் எங்கண்ணே இருக்கு?”

“அதைத்தான் நானும் கேக்கிறன். ஊரில எங்கட வளவுக்குள்ள நாங்களே வெட்டினம். மேல பனங்குத்தி அடுக்கி, அதுக்கு மேல மண் மூட்டை. இஞ்ச பெரிய நாடு, ஒண்டையும் காணேல்ல.”

அவர் சொன்னது சரி. பனிப்போர் முடிந்த நிம்மதியில் ஜெர்மன் அரசு 2007-ல் பொதுப் பதுங்கிடங்களைப் பராமரிப்பதைக் கைவிட்டது. எட்டுக் கோடிப் பேர் உள்ள நாட்டில் மிஞ்சியவை 579. பத்து நாளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் வீட்டில் வைத்திருங்கள் என்று மட்டும் அரசு அறிவுரை சொல்கிறது. தமிழ்க் குடும்பங்கள் இந்த அறிவுரையை அரசு சொல்வதற்கு முன்பிருந்தே கடைப்பிடித்து வருகின்றன. நிலவறையில் பொன்னி அரிசி மூட்டையும் துவரம்பருப்பும் இல்லாத வீடு வால்டோர்ஃபில் அரிது.

அஃதேல், அணுகுண்டும் கூட்டணியும் இருந்ததால்தானே 1945-க்குப் பின் வல்லரசுகள் நேருக்கு நேர் மோதவில்லை எனின், அப்படியும் இருக்கலாம். நடக்காத போருக்குக் காரணம் காட்டுவது எளிதன்று. அதனை முற்ற மறுப்பார்க்கும் இவ்வியல் துணைபோகாது. 2022-ல் உக்ரைன் மீது ரஷ்யப் படை பாய்ந்த பிறகு, பின்லாந்தும் சுவீடனும் தாமாகவே வந்து குடைக்குள் நுழைந்தன. அவர்களைப் பேதைகள் என்று சொல்ல முடியாது. ஆனால் எதிர்நின்று பொருவோர் சூடும் தும்பை, நேருக்கு நேர் பூக்காமல், கொரியாவிலும் வியட்நாமிலும் ஆப்கானிஸ்தானிலும் பிறர் வயலில் பூத்தது. நம் பக்கத்திலும் அதன் விதை விழாமல் இல்லை. 1971 ஆகஸ்டில் இந்தியா சோவியத்தோடு நட்பு உடன்படிக்கை செய்தது. டிசம்பரில் அமெரிக்கா என்டர்பிரைஸ் என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பியது. 1987-ல் ராஜீவ் காந்திக்கும் ஜயவர்தனாவுக்கும் இடையே போன கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டு ராணுவமும் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வாசகம் உண்டு. ஈழத்தமிழர் உரிமை பற்றிய உடன்பாட்டில் துறைமுகத்துக்கு என்ன வேலை என்பாரும் உளர். அவர்கள் கரந்தையச்சத்தை மறுபடி ஒருமுறை படிக்க.

இதற்கெல்லாம் மாற்றாக ஒரு தமிழ்ச் சான்றும் உண்டு. 1962 செப்டம்பரில், 83 வயதில், ராஜாஜி வாஷிங்டனுக்குப் போனார். காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் கென்னடியைப் பார்த்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்பதற்கு. இவர் நடுநிலைக்காரர் அல்லர். சுதந்திராக் கட்சி நிறுவியவர், கம்யூனிஸ்டுகளை வெளிப்படையாக எதிர்த்தவர், நேருவின் பொருளாதாரக் கொள்கையோடு ஓயாமல் மல்லுக்கு நின்றவர். ஆகவே அவர் போனது பகைவனிடம் கெஞ்ச அன்று, நண்பனை இடித்துரைக்க. நட்பில் இழுபடுவார், கைவிடப்படுவார் என்ற இரு கூறிலும் அடங்காத மூன்றாம் கூறு இது, இடிநட்பு எனலாம். அவர் பேசிவிட்டு வந்த சில வாரத்தில் கியூபாவில் உலகம் விளிம்புக்குப் போனது. 1963 ஆகஸ்டில் வளிமண்டலச் சோதனைகளைத் தடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட ஆக்கியோனுக்குத் துணிவில்லை. ஆனால் கூட்டணி மாநாடுகளில் தலையாட்டுவோர் படங்களைப் பார்க்கும்போது, கறுப்புக் கண்ணாடி போட்ட அந்தக் கிழவரின் நினைவு வருவது உண்மை.

புறனடை. மேற்சொன்ன ஐந்தில் அடங்காதன வந்தால் வந்தவழிச் சேர்த்துக்கொள்க. பெர்ஷிங்குகளை வைத்திருந்த அமெரிக்கப் பீரங்கிப் படைத் தலைமை, எண் 56, ஏவுகணைகளோடு கலைக்கப்பட்டது. 2021 நவம்பரில் அதே எண்ணோடு மைன்ஸ்-காஸ்டலில் மீண்டும் எழுப்பப்பட்டது. இதை மறுபிறப்பச்சம் எனலாம். ஊழ்வினைக்காரர்கள் உரை எழுதட்டும்.

இன்னொன்று மாணவர்க்குப் பயிற்சியாக விடப்படுகிறது. வால்டோர்ஃபில் ஒரு கசாப்புக்காரர் வீட்டில் 1763-ல் பிறந்த யோஹான் யாகோப் ஆஸ்டர், அமெரிக்கா போய் ரோம வியாபாரத்திலும் நில வியாபாரத்திலும் அந்த நாட்டின் பெரும் பணக்காரர் ஆனார். அவர் வம்சத்தார் நியூயார்க்கில் கட்டிய ஹோட்டலுக்கு ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும் சேர்ந்து வால்டோர்ஃப் அஸ்டோரியா என்று பெயர். 1946 கடைசியில் அமெரிக்க, சோவியத், பிரிட்டிஷ், பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர்கள், அதே பெயரில் பின்னர் எழுந்த ஹோட்டலில் உட்கார்ந்துதான் தோற்ற நாடுகளோடு சமாதான உடன்படிக்கைகளைப் பேசி முடித்தார்கள். மறு ஆண்டு அதே ஹோட்டலில் ஹாலிவுட் முதலாளிகள் கூடி, கம்யூனிஸ்டுகளுக்கு வேலை கிடையாது என்று முடிவெடுத்தார்கள். 1949 மார்ச்சில் அங்கேயே உலக அமைதி மாநாடு. உள்ளே ஷோஸ்டகோவிச், வெளியே அவருக்கு எதிராகக் கோஷம். ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் பல காலம் அங்கேதான் குடியிருந்தார். அமெரிக்க அதிபர்கள் நியூயார்க் போனால் முன்பெல்லாம் தங்கியதும் அங்கேதான். 2014-ல் அன்பாங் என்ற சீனக் காப்பீட்டு நிறுவனம் அந்த ஹோட்டலை 195 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. 2015-ல் ஐ.நா. கூட்டத்துக்கு வந்த ஒபாமா வேறு ஹோட்டலில் இறங்கினார். அந்த ஹோட்டலோ தென்கொரிய நிறுவனத்துடையது. அதாவது, அமெரிக்கக் குடைக்குள் இருக்கும் நாட்டினுடையது. இது பகையச்சமா, நட்பச்சமா, கருவியச்சமா என்று ஆராய்ந்து கொள்க.